குழந்தைகள் டிவி நிகழ்ச்சிகளில் பொம்மை ஆட்டுவதை ஆயுள் முழுக்க ஒரு தொழிலாகச் செய்ய முடியுமா?

பிளஸ் டூ படிக்கும் மகனுக்குக் கைப்பொம்மைப் பைத்தியம், இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழைத்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முன் என் சொந்தக் கதை கொஞ்சம்.

போன வருடம் மகளின் பள்ளி ஆண்டு விழாவில் பெற்றோர்கள் சேர்ந்து காலுறைப் பொம்மைகளை வைத்து ஒரு நாடகம் போட்டோம். எனக்கு முதலை வேடம். மேசைக்குப் பின்னால் மண்டி போட்டு, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, முதலையின் வாயைத் திறந்து மூட வேண்டும், அவ்வளவுதான். ஐந்தாவது நிமிடம் தோள்பட்டை எரிந்தது. எட்டாவது நிமிடம் முதலை தூங்கி விழ ஆரம்பித்துவிட்டது. அது நகைச்சுவை என்று நினைத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு இரண்டு நாள் தலை சீவக்கூட கை எழவில்லை.

அந்தக் கை உளைச்சலோடு உட்கார்ந்து படித்ததுதான் கேரல் ஸ்பின்னியின் கதை. பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அமெரிக்காவின் 'செஸமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியில் வரும் பிக் பேர்ட் என்ற மஞ்சள் பறவையை எங்காவது பார்த்திருப்பீர்கள். எட்டடி இரண்டு அங்குல உயரம். 1969-இல் நிகழ்ச்சி தொடங்கியபோது அந்தப் பறவை உடைக்குள் போன ஸ்பின்னி, 2018-இல்தான் ஓய்வு பெற்றார். அப்போது வயது 84.

உள்ளே என்ன நடக்கும் தெரியுமா? வலது கை முழுக்கத் தூக்கியபடி பறவையின் தலைக்குள் இருக்கும். விரல்கள் அலகை ஆட்ட, சுண்டுவிரல் மட்டும் தனியாக ஒரு நெம்புகோலை இழுத்து இமைகளை அசைக்கும். இடது கை இடது இறக்கைக்குள். அப்படியானால் வலது இறக்கை? அது வெறுமனே தொங்குவது. அதிலிருந்து ஒரு தூண்டில் நரம்பு கழுத்தடியில் உள்ள வளையம் வழியாக இடது கைக்கு வரும். இடது கை கீழே இறங்கினால் வலது இறக்கை மேலே எழும்.

நம் ஊர் பொம்மலாட்டத்தில் கலைஞர் தலையில் மாட்டிய இரும்பு வளையத்தில் பொம்மையின் நூல்களைக் கட்டியிருப்பார். அதுவும் லேசான பாரம் இல்லைதான். ஆனால் அவருக்குத் தன் பொம்மை கண்ணெதிரே தெரியும். ஸ்பின்னிக்கு வெளியே எதுவுமே தெரியாது. மார்பில் கட்டிய ஒரு குட்டித் திரையில் கேமரா பார்ப்பதைத்தான் அவரும் பார்ப்பார். அது கண்ணாடி மாதிரி காட்டாது. அவர் வலப்பக்கம் நகர்ந்தால் திரையில் பறவை இடப்பக்கம் போகும். வசனத்தாள்களையும் உள்ளேயே ஒட்டிவைத்துப் படித்துக்கொண்டு, சிரித்து, பாடி, சறுக்குச் சக்கரம் கட்டி ஓடவும் செய்திருக்கிறார்!

வேலை எப்படிக் கிடைத்தது என்பதுதான் உங்கள் மகனுக்கு நான் சொல்ல நினைப்பது. பாஸ்டனில் உள்ளூர்க் குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவர், 1969-இல் யூட்டாவில் நடந்த பொம்மலாட்டக்காரர்கள் விழாவில் ஆடினார். திரையில் ஓடும் படத்தோடு பொம்மைகள் சேர்ந்து நடிப்பதாகத் திட்டம். மேடை விளக்கு திரைமேல் அடித்து, படம் வெளுத்து, எல்லாம் சொதப்பல். பார்வையாளர்களில் 'செஸமி ஸ்ட்ரீட்' பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் இருந்தார். நீங்கள் செய்ய நினைத்தது எனக்குப் பிடித்தது என்ற பொருளில் ஏதோ சொல்லி, வேலைக்கு அழைத்துவிட்டார்.

சம்பளம் ஆரம்பத்தில் சொற்பம். முதல் பருவத்திலேயே விட்டுவிடலாமா என்று யோசித்தவரைத் தடுத்தவர், பறவை உடையைத் தைத்த கெர்மிட் லவ். (ஹென்சனின் தவளைப் பொம்மைக்கும் கெர்மிட் என்றுதான் பெயர், ஆனால் அந்தப் பெயருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) அடுத்த வருடம், 1970-இல், பறவை 'டைம்' இதழின் அட்டையில் வந்துவிட்டது.

கை வலியைத் தாங்கியதால் மட்டும் அவர் இத்தனை வருடம் நின்றார் என்று நான் நம்பவில்லை. முதலில் அந்தப் பறவையை ஒரு நாட்டுப்புறத்து அசடாகத்தான் எழுதினார்கள். இது ஒரு குழந்தையாக இருக்கட்டுமே என்று கேட்டவர் ஸ்பின்னி. அதன்பின் அது எல்லாவற்றையும் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொள்ளும் ஆறு வயதுப் பிள்ளை ஆனது. நிகழ்ச்சியில் கடைக்காரர் ஹூப்பராக நடித்தவர் 1982 கடைசியில் இறந்துபோனார். 1983-இல் அந்த மரணத்தையே கதையாக்கினார்கள். பறவை எல்லோருடைய படங்களையும் வரைந்து வந்து, ஹூப்பர் எப்போது வருவார் என்று கேட்கும். அந்தப் படங்களை நிஜமாகவே வரைந்தவரும் ஸ்பின்னிதான். இன்னொரு பக்கம், குப்பைத்தொட்டியில் குடியிருக்கும் சிடுமூஞ்சி ஆஸ்கரும் அவரே. அந்தக் குரலை ஒரு டாக்ஸி ஓட்டுநரிடமிருந்து எடுத்தாராம். நாள் முழுக்க வெள்ளந்தியாகப் பேசிவிட்டு, அவ்வப்போது எரிந்து விழவும் ஓர் இடம் இருந்திருக்கிறது!

இனி கசப்பான பகுதி. இப்படிப்பட்ட இடங்கள் மிகக் குறைவு, உட்கார்ந்தவர் எழுந்திருக்கவும் மாட்டார். ஸ்பின்னிக்கு மாற்றாக மேட் வோகல் என்பவர் 1990-களிலேயே பயிற்சிக்கு வந்துவிட்டார். உடல் சமநிலை தவறியதால் 2015-இல் ஸ்பின்னி உடைக்குள் போவதை நிறுத்தி, குரல் மட்டும் கொடுத்தார். பறவை முழுதாக வோகலின் கைக்கு வந்தது 2018-இல்தான். அதுவரை அவர் வேறு பொம்மைகளையும் ஆட்டிப் பிழைத்தார். எனவே ஒரே பொம்மையை நம்பி இறங்க வேண்டாம். குரல், ஓவியம், தையல் என்று கைவசம் நாலு வித்தை இருக்கட்டும்.

உங்கள் மகனிடம் போனின் பின்பக்கக் கேமராவை டிவியோடு இணைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, திரையை மட்டும் பார்த்துப் பொம்மையை ஆட்டச் சொல்லுங்கள். முதல் நாள் பொம்மை எதிர்ப்பக்கமாகத்தான் ஓடும். இராத்திரி தோளுக்குக் கொஞ்சம் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.