பூசைக்கு முன் பாதி, வந்தபின் மீதி: திருகோணமலைக் குசினிக் கேள்வி பதில்

ஞாயிறு, நத்தார், பெரிய வெள்ளி, உயிர்ப்பு நாள் சமையல் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. வேறு சொல்லாத இடங்களில் அளவு ஆறு பேருக்கு. கோப்பை என்றால் 200 மில்லி பிடிக்கிற தேத்தண்ணிக் கோப்பை.

உவர்மலையிலிருந்து: அக்கா, ஞாயிறு காலை ஏழு மணிப் பூசைக்குப் போய் வீடு வர எட்டே முக்கால் ஆகிவிடும். பன்னிரண்டரைக்கு மாமா வீட்டார் சாப்பிட வருகிறார்கள். மஞ்சள் சோறும் கோழியும் வைக்க விருப்பம். எதை எப்போது தொடங்குவது?

சனி இரவே தொடங்குங்கள். ஒன்றரைக் கிலோ கோழிக்கு வறுத்த கறித்தூள் 3 மேசைக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, அரைத்த இஞ்சி உள்ளி ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி, வினாகிரி 1 மேசைக்கரண்டி போட்டுப் பிரட்டி, மூடிப் பிரிட்ஜில் வையுங்கள். உப்பு இரவு முழுக்க உள்ளே இறங்கும். காலையில் அவசரமாகப் பிரட்டினால் குழம்பு உறைக்கும், இறைச்சி சப்பென்று இருக்கும்.

வந்து தேத்தண்ணி குடித்ததும் கோழிதான் முதலில். இரண்டு வெங்காயம், கறிவேப்பிலை, ரம்பை, கறுவாத் துண்டு தாளித்து, கோழியைக் கொட்டி, மூடி, அதன் சொந்தத் தண்ணீரிலேயே 10 நிமிடம் வேகவிடுங்கள். பிறகு தேங்காயின் இரண்டாம் பால் 2 கோப்பை, 25 நிமிடம். கடைசியில் முதற்பால் முக்கால் கோப்பை விட்டு 5 நிமிடம். இது கடைக் கோழிக்கு. நாட்டுக்கோழி என்றால் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

சோறு பதினொன்றரைக்கு முன் வேண்டாம். கீரிச்சம்பா 4 கோப்பையைக் கழுவி 20 நிமிடம் வடியவிடுங்கள். 2 மேசைக்கரண்டி நெய்யில் வெங்காயம், ஏலக்காய் 4, கராம்பு 4 வதக்கி, அரிசியை 3 நிமிடம் வறுத்து, இரண்டாம் பால் 7 கோப்பை, மஞ்சள் முக்கால் தேக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி போடுங்கள். கொதித்ததும் அடுப்பை நன்றாகக் குறைத்து மூடி 15 நிமிடம், அணைத்து 10 நிமிடம். அடி பிடிக்கிறது என்று பலர் முறைப்பாடு சொல்வது கெட்டிப்பால் விடுவதால்தான். எண்ணெய் பிரிந்து, பாலின் சக்கை அடியில் படிந்து கருகும். தேங்காய்ப் பால்மா கரைப்பவர்கள் 7 கோப்பைக்கு 4 மேசைக்கரண்டிக்கு மேல் போட வேண்டாம். மஞ்சள் கூடினால் நிறம் அழகாகும், சோறு கைக்கும்.

பக்கத்துக்கு ஒரு பருப்பு, புளிப்பாக ஒரு கத்தரிக்காய்ப் பிரட்டல், வெங்காயம் தக்காளி பச்சை மிளகாய் அரிந்து தேசிக்காய் பிழிந்த பச்சடி. இவ்வளவும் போதும். ஏழு கறி வைத்துவிட்டு வந்தவர்களோடு பேச முடியாமல் குசினியில் நிற்பதில் என்ன பெருமை?

பாலையூற்றிலிருந்து: இடியப்பத்துக்கு வைக்கும் சொதி ஒவ்வொரு முறையும் திரைகிறது. ஏன்?

கொதியும் புளியும். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சளை இரண்டாம் பாலில் நன்றாக அவியுங்கள், அது கொதிக்கலாம். முதற்பால் விட்டபின் அகப்பையால் கிண்டிக்கொண்டே இருந்து, ஓரத்தில் நுரை கட்டும்போது இறக்கிவிட வேண்டும். தேசிக்காய் இறக்கி ஐந்து நிமிடம் கழித்துத்தான். தக்காளி போடுபவர்கள் இரண்டாம் பாலிலேயே போட்டுக் கரைய விடுங்கள். திரைந்த சொதியைச் சாப்பிடலாம், பார்க்கத்தான் அழகில்லை.

கந்தளாயிலிருந்து: நத்தாருக்குத் திருகோணமலை உறவினர் வீட்டுக்கு வருகிறோம். கடற்கரை ஊர்தானே, மீன் சமையலாக வைக்கலாம் என்றால் அவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது சரி. டிசம்பரில் எங்கள் பக்கம் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம். கடல் கொந்தளிப்பு, சின்னப் படகுகள் பல நாள் இறங்காது, கிடைக்கிற மீனுக்கு விலை ஏறும். கிழக்குக் கரையில் கடல் படுப்பது பங்குனி வாக்கில். உயிர்த்த ஞாயிறு மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில்தான் எப்போதும் வரும். ஆகவே இங்கே மீன் விருந்து உயிர்ப்புக்கு, இறைச்சி நத்தாருக்கு.

கடல் வாசம் கட்டாயம் வேண்டுமென்றால் இறால் கிடைக்கிறதா என்று கிண்ணியாப் பக்கம் கேட்டுப் பாருங்கள். குழம்பை முழுதாகத் தயாரித்துவிட்டு இறாலைக் கடைசியாகப் போடுங்கள். நடுத்தர இறாலுக்கு 4 நிமிடம் போதும். வளைந்து நிறம் மாறினால் வெந்துவிட்டது. இறுகிச் சுருண்டால் றப்பர்.

லிங்கநகரிலிருந்து: நள்ளிரவுப் பூசை முடிந்து வர ஒன்றரை மணியாகும். பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள். மாலை சமைத்த கோழிக்கறியை மேசையில் மூடி வைத்துவிட்டுப் போகலாமா?

கூடாது. ஆறு மணிக்கு இறக்கிய பாற்கறி ஒன்றரை மணிவரை வெளியில் என்றால் ஏழரை மணித்தியாலம். மழைக்காலம் என்றாலும் எங்கள் வெப்பத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைப்பது ஆபத்து. முதற்பால் விடாமல் கறியை முடித்து, அகலமான பாத்திரத்தில் பரப்பி, ஆவி அடங்கியதும் பிரிட்ஜுக்குள் தள்ளுங்கள். ஆழமான சட்டியோடு வைத்தால் நடுப்பகுதி ஆறப் பல மணி எடுக்கும், அங்கேதான் பழுதாகும். வந்தபின் தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்போது முதற்பால் விடுங்கள். கறி புதிதாக வைத்தது போலிருக்கும். கூடவே பாண். அந்த நேரத்தில் இடியப்பம் பிழிய நிற்காதீர்கள்.

சீனக்குடாவிலிருந்து: ரிச் கேக் ஒரு வருடம் நடுவில் தாழ்ந்தது, மறு வருடம் வெட்டும்போது உதிர்ந்தது. பிரண்டி இல்லாமலும் செய்ய வேண்டும்.

எங்கள் ரிச் கேக் கோதுமை மாவில் இல்லை, ரவையில் நிற்பது. உதிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த ரவை ஊறாததுதான். 250 கிராம் ரவையை நிறம் மாறாமல் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறவிட்டு, 250 கிராம் பட்டரோடு குழைத்து ஒரு இரவு வையுங்கள். பழங்கள்: பிளம்ஸ் (உலர்ந்த முந்திரிகை) 400 கிராம், நீற்றுப்பூசணித் தோசி (சீனிப்பாகில் போட்டது) 250, பேரீச்சம்பழம் 150, இஞ்சித் தோசி 100, செரி 100, நறுக்கிய கஜு 250. கஜு தவிர்ந்த பழங்களை 100 மில்லி பிரண்டியில் இரண்டு கிழமையாவது ஊறவிடுவது வழக்கம். பிரண்டி வேண்டாம் என்றால் தோடம்பழச் சாற்றில் ஒரு இரவு, அதுவும் பிரிட்ஜில்.

10 முட்டை மஞ்சட்கருவை 300 கிராம் சீனியோடு வெளுக்கும்வரை அடித்து, ரவை பட்டர் கலவை, பழம், கஜு, பன்னீர் 2 மேசைக்கரண்டி, தேன் 2 மேசைக்கரண்டி, ஏலம் கறுவா கராம்புத் தூள் அரைத் தேக்கரண்டிப்படி சேருங்கள். 4 முட்டை வெள்ளையை நுரைக்க அடித்துக் கடைசியில் மெதுவாக மடித்துக் கலக்க வேண்டும்.

தட்டுக்கு உள்ளே பட்டர் பேப்பர் இரண்டு மடிப்பு, வெளியே பழைய பத்திரிகைத் தாள் நாலு மடிப்புச் சுற்றிக் கட்டுங்கள். இது வீண்வேலை இல்லை. சீனி இவ்வளவு இருக்கும் கேக்கின் ஓரம் நடு வேகுமுன் கருகும், தாள்தான் சூட்டைத் தடுக்கும். 150 பாகை, இரண்டேகால் மணித்தியாலம் அளவில். முதல் ஒன்றரை மணி அவணைத் திறக்க வேண்டாம். நடு தாழ்வது இடையில் திறந்ததால், அல்லது வேகாமல் எடுத்ததால். தட்டிலேயே முழுதாக ஆறட்டும். சுற்றி வைத்து மூன்று நாள் கழித்து வெட்டினால் துண்டு துண்டாக நிற்கும். பிரண்டி இல்லாதது பிரிட்ஜில் இரண்டு கிழமைக்குள் முடிய வேண்டும். மழை நாளில் ஐசிங் வியர்க்கும், ஆகவே ஐசிங்கை 24ஆம் திகதிவரை தள்ளிப் போடுங்கள்.

திருக்கடலூரிலிருந்து: பெரிய வெள்ளிக் கஞ்சிக்கு அளவு சொல்லுங்கள். அன்று மீன் சேர்க்கலாமா?

கத்தோலிக்கருக்கு விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பும் சுத்தபோசனமும் உள்ள நாட்கள். 14 வயதிலிருந்து இறைச்சி இல்லை, மீன் விலக்கில்லை. 18 முதல் 59 வயதுவரை ஒரு முழுச் சாப்பாடு, மற்ற இரண்டும் சிறிதாக. நோயாளருக்குக் கட்டாயம் இல்லை.

சிவப்புப் பச்சையரிசி ஒரு கோப்பை, வறுத்த பாசிப்பயறு கால் கோப்பை, இடித்த உள்ளி 5 பல், சிறு இஞ்சித் துண்டு, தண்ணீர் 8 கோப்பை. 40 நிமிடம் மெல்லிய நெருப்பில் அவித்து, முதற்பால் ஒரு கோப்பை விட்டு, உப்பு கடைசியில். கஞ்சி இருக்க இருக்க இறுகும். மூன்று மணி வழிபாட்டுக்குப் போய் வந்து குடிப்பதென்றால் பாலும் உப்பும் போடாமல் வைத்து, வந்தபின் கொதிநீர் விட்டு இளக்கிச் சூடாக்கி, பிறகு பால் விடுங்கள். தொட்டுக்கொள்ளச் செத்தல் மிளகாய்ச் சம்பல். சுட்ட கருவாடு வைப்பவர்கள் கஞ்சியில் உப்பைக் குறையுங்கள்.

நிலாவெளியிலிருந்து: உயிர்ப்பு ஞாயிறுக்குச் சூரைக் குழம்பு வைத்தோம். சாப்பிட்ட சிலருக்கு முகம் சிவந்து உடம்பு கடித்தது. தூள் பிழையா?

தூளில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. சூரை, கும்பளா, அறுக்குளா போன்ற மீன் வெயிலில் கிடந்தால் ஒவ்வாமை போல உடம்பைத் தாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். அது கொதித்தாலும் பொரித்தாலும் போகாது, மணத்திலும் எப்போதும் தெரியாது. ஐஸில் கிடந்த மீனை மட்டும் வாங்குங்கள், பையில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்து, பூசைக்குப் போகுமுன்பே வெட்டிக் கழுவிப் பிரிட்ஜில் வையுங்கள். "வந்து வெட்டலாம்" என்று குசினி மேசையில் விட்டுப் போகிற இரண்டு மணித்தியாலம்தான் பெரும்பாலும் வினை. மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்கு.

குழம்பில் மீன் உடையாமலிருக்கப் புளிக்குழம்பு கொதித்தபின் துண்டுகளைப் போட்டு, அகப்பை விடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள். 10 நிமிடத்தில் வெந்துவிடும்.

சாம்பல்தீவிலிருந்து: கடைசியில் இனிப்பாக ஏதாவது, அடுப்பு மூட்டாமல்?

தம்பலகாமத்து எருமைத்தயிரும் கித்துள் பாணியும். ஒரு லீற்றர் சட்டி ஆறு பேருக்குச் சரி. மேலே நிற்கும் தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிட்டு, பாணியைச் சட்டிக்குள் விடாமல் அவரவர் கோப்பையில் விடுங்கள். மிஞ்சினால் அடுத்த நாளும் தயிராகவே இருக்கும்.