காதுக்குச் சரின்னு பட்டா டிக் அடிக்கலாமா?

வணக்கம் அண்ணே,

திருமங்கலத்துல இருந்து எழுதுறேன். பி.காம் முடிச்சுட்டு மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வுக்குப் படிக்கிறேன். கிராமர் ரூல் எல்லாம் மனப்பாடம். ஆனா எரர் ஸ்பாட்டிங், சென்டன்ஸ் இம்ப்ரூவ்மென்ட்ல உக்காந்தா எல்லா ஆப்ஷனும் சரின்னே தோணுது. வாசிச்சுப் பாத்து காதுக்கு எது நல்லாருக்கோ அத டிக் அடின்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, அப்படிச் செஞ்சா பாதி தப்பு. இங்கிலீஷ் பேப்பர் வாசிச்சா சரியாயிடுமா? பெரியப்பா மகன் அவரோட பழைய ஜிமேட் (எம்பிஏ சேர எழுதுற தேர்வு) புக்கு ஒண்ணு குடுத்திருக்காரு, அதப் போடலாமா?

– ஒரு வாசகர்

தம்பி,

காத நம்பாதீங்க. நம்ம காது கேட்டு வளந்த இங்கிலீஷ் "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்", "லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் இட்", "கோப் அப் வித்". கேள்வி எடுக்குறவரு சரியா அங்கதான் குழி வெட்டி வைக்கிறாரு. சிஜிஎல்லோட மொத கட்டத் தேர்வான டயர் ஒண்ணுல, தப்பா ஒண்ணு அடிச்சா அரை மார்க் வேற போகுது.

இதுல ரூல் தெரியாதது பிரச்சனையே இல்ல, வாக்கியத்துல எது தலை, அதாவது எழுவாய்னு கண்ணுக்குத் தெரியாததுதான் பிரச்சனை. "கோயில் வாசல்ல விக்கிற மல்லிப்பூவோட வெல ஏறிப்போச்சு"ங்கிறோம், வெலைக்குப் பக்கத்துலயே வினை இருக்கு, குழப்பமே வராது. அதையே "தி ப்ரைஸ் ஆஃப் ஜாஸ்மின் ஃப்ளவர்ஸ் சோல்ட் நியர் தி டெம்பிள் கேட்ஸ் ஹேவ் கான் அப்"னு குடுத்தா ப்ரைஸ் எங்கயோ முன்னாடி நிக்கும், வினைக்குப் பக்கத்துல கேட்ஸ் வந்து உக்காந்துக்கும், நமக்குப் பக்கத்துல இருக்குறதோடயே சேத்துப் பாத்துப் பழக்கம், அதனால ஹேவ் சரின்னு போயிடுறோம். ஹேஸ் வரணும்.

இன்னொண்ணு, மாட்டுத்தாவணில ஒரு பஸ் நின்னாலும் நிக்கிது, நாப்பது பஸ் நின்னாலும் நிக்கிதுதான். ஆளுங்களுக்குத்தான் வந்தான், வந்தாங்கன்னு மாத்துவோம், பொருளுக்குப் பேச்சுல ஒருமை பன்மை பாக்குறதே இல்ல. அப்புறம் இஸ், ஆர் வித்தியாசம் காதுல எப்படி உறுத்தும்?

அதனால ஒரு வேல செய்யுங்க. மொதல்ல வினையக் கண்டுபிடிங்க, அப்புறம் ஆஃப், இன், அலாங் வித், ஆஸ் வெல் ஆஸ் இதுல ஆரம்பிக்கிற துண்ட விரலால மறைச்சுட்டு மிச்சத்த வாசிங்க. "தி டீச்சர், அலாங் வித் ஹெர் ஸ்டூடன்ட்ஸ், ஆர் வெயிட்டிங்"ல நடுவ மறைச்சா டீச்சர் ஆர்னு பல்லக் காட்டிரும். எல்லாத்துக்கும் இது செல்லாது, மோஸ்ட் ஆஃப் தி வாட்டர் இஸ், மோஸ்ட் ஆஃப் தி பஸ்ஸஸ் ஆர், இங்க ஆஃபுக்குப் பின்னாடி இருக்குறதத்தான் பாக்கணும். தி நம்பர் ஆஃப்னா ஒருமை, எ நம்பர் ஆஃப்னா பன்மை, இது ரெண்டையும் மாத்தி மாத்திக் கேட்டுக்கிட்டே இருப்பாங்க.

"வாக்கிங் டு மாட்டுத்தாவணி, தி ரெயின் ஸ்டார்ட்டட்." இதுல என்ன தப்புன்னு நிறையப் பேரு கேப்பாங்க, ஏன்னா நடந்து போகும்போது மழை பிடிச்சுக்கிச்சுன்னு தமிழ்ல தாராளமா சொல்லலாம். இங்கிலீஷ்ல கமாவுக்கு அப்புறம் வர்ற ஆளுதான் நடந்த ஆளு, அப்போ மழைதான் மாட்டுத்தாவணிக்கு நடந்து போயிருக்கு! வைல் ஐ வாஸ் வாக்கிங்னு ஆளப் போட்டாத்தான் சரி. வாக்கியம் இங்-ல ஆரம்பிச்சா கமா தாண்டி யாருன்னு பாக்காம மேல போகாதீங்க.

வார்த்தை மாத்துற கேள்வி கொஞ்சம் அலுப்பு. லெஸ் வாட்டர், ஃபியூவர் பீப்பிள், ப்ரிஃபர் டீ டு காஃபி, நோ சூனர்னா தேன், ஹார்ட்லின்னா வென். எழுதி வச்சு மனப்பாடம் பண்றதுதான், குறுக்கு வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

பேப்பர் வாசிங்க, காம்ப்ரிஹென்ஷனுக்கு நல்லது. ஆனா சரியா எழுதுன வாக்கியத்துல கண்ணு வழுக்கிட்டுப் போயிடும், எரர் ஸ்பாட்டிங்குக்கு அது மட்டும் பத்தாது. தலையங்கத்துல ஒரே ஒரு பாரா எடுத்து வினைக்கெல்லாம் கோடு போட்டு அதோட ஆளத் தேடுங்க, நாலு பக்கம் வாசிக்கிறதுக்கு அது மேல்.

ஜிமேட்ல சென்டன்ஸ் கரெக்‌ஷன் பகுதியே இப்ப கிடையாது, 2023 நவம்பர்ல வந்த புது வடிவத்துல எடுத்துட்டாங்க. ஆனாலும் அண்ணன் குடுத்த புக்கத் தூக்கிப் போட்டுறாதீங்க, எழுவாய ஒரு மூலைலயும் வினைய இன்னொரு மூலைலயும் வைக்கிறதுல அந்தக் கேள்விங்க கில்லாடி. அதுல மொத ஆப்ஷன் எப்பவுமே குடுத்த வாக்கியம் அப்படியேதான் இருக்கும், அத வாசிச்சு நேரத்தக் கழிக்காதீங்க. மொதல்ல சிஜிஎல் பழைய பேப்பர முடிங்க, மிச்ச நேரத்துக்கு இது போதும்.