ஆக்காட்டி கத்தினால் எழும்புங்கள்

தங்கச்சி, கல்யாணமாகித் திருச்சியிலிருந்து இலங்கையில் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்கு வந்து மூன்று வாரமாகிறது, விடியற்காலை மயில், பகலில் குரங்கு, ராத்திரி தவளை என்று தூக்கமே போய்விட்டது, விரட்ட வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். நான் 2013இல் தஞ்சாவூரிலிருந்து மாங்குளம் பக்கம் வாழ வந்தவள். விரட்டவெல்லாம் முடியாது. எந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் படுக்கலாம், எதற்கு எழும்ப வேண்டும் என்பதுதான் நாம் படிக்க வேண்டியது.

மயிலுக்கு எழும்ப வேண்டாம். முருகன் படத்தில் மட்டும் மயிலைப் பார்த்து டவுனில் வளர்ந்த எனக்கு, அது இப்படிப் பூனை மாதிரி அலறும் என்று யாரும் சொல்லவில்லை! தவளை, மாரி முடிந்தால் அடங்கிவிடும். ஆனால் அதைத் தேடிப் பாம்பு வரும், டோர்ச் இல்லாமல் முற்றத்தில் இறங்காதீர்கள். நம்மூர்க் கண்ணாடி விரியன்தான் இங்கே புடையன்.

குரங்குக்கு என்னிடம் பதில் இல்லை. 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு, தோட்டத்துக்கு வரும் குரங்கையும் மயிலையும் ஐந்து நிமிடம் எண்ணச் சொன்னது அரசாங்கம், நாடு முழுக்க. நாங்களும் பேனாவும் கையுமாக நின்றோம். ஒன்றுகூட வரவில்லை. எட்டரைக்கு வந்து வாழைக்குலையை முடித்துவிட்டுப் போயின.

எழும்ப வேண்டியது ஆக்காட்டிக்கு. நம்மூர் ஆள்காட்டிக் குருவிதான். நடுச்சாமத்தில் வயல் பக்கம் அது விடாமல் கத்தினால் அங்கே ஏதோ நடமாடுகிறது. நாயாக இருக்கலாம், பன்றியாக இருக்கலாம். யானையாகவும் இருக்கலாம். அத்தனை பெரிய உடம்பு, காலடிச் சத்தமே கேட்காது. பாதத்துக்குள் கொழுப்பு மெத்தை மாதிரி இருக்கிறது. கொப்பு முறிகிற சத்தம் கேட்கும்போது வேலிக்குள் வந்திருக்கும். ஒருமுறை டோர்ச் அடித்துப் பார்க்கப் போன என்னை மாமி கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். வெளியே போகாமல் பக்கத்து வீடுகளுக்குப் போன் போடுங்கள். யானையை விரட்டும் யானைவெடி கொளுத்துவதைப் பழகியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் ஒன்று. காலபோகம் என்கிற மாரிக்கால நெல் அறுவடை முடிந்ததும் நெல் மூட்டைகளைப் படுக்கிற அறையில்தான் அடுக்குவார்கள். அந்த வாசத்துக்கு யானை சுவரை இடித்துக்கொண்டு வரும். மயிலை விட்டுவிட்டு, மூட்டைகளை வேறு இடத்தில் வைக்கச் சொல்லி மாமாவிடம் இப்போதே பேசிவிடுங்கள்.