பீச்சாங்குழலுக்கு 2 இஞ்ச் பைப் வேணாம், வாஷரைப் பாத்து வாங்குங்க

கேள்வி: அண்ணே வணக்கம், நமக்கு கும்பகோணம் பக்கத்துல கிராமம். எங்க மாரியம்மன் கோயில் திருவிழா கடைசி நாள் மஞ்சத்தண்ணி ஊத்தி விளையாடுவோம், பையனுக்கு 11 வயசு, அதுக்குன்னே போன வாரம் டவுன்ல 450 ரூபாய்க்கு ஒரு வாட்டர் கன் வாங்கிக் குடுத்தேன். ரெண்டாம் நாளே ட்ரிகர் கிட்ட ஒழுக ஆரம்பிச்சு ப்ரெஷரே இல்ல. கடைக்காரர் "பில்லுலயே விற்ற பொருள் திரும்பப் பெறப்படாதுன்னு போட்டிருக்குல்ல"ங்கறார். கொல்லையில போர் போட்டப்ப மிஞ்சின 2 இஞ்ச் பிவிசி பைப் கெடக்கு, பெரிய பைப்புன்னா பவரும் பெருசா இருக்கும்னு அதுலயே ஒரு பீச்சாங்குழல் செஞ்சிடலாம்னு இருக்கேன். வேற என்னென்ன வாங்கணும்?

பதில்: தம்பி, மொதல்ல அந்த 450 ரூபாய விட்டுடாதீங்க. பில்லுல அப்படி அச்சடிச்சுட்டா பழுதான சாமானுக்கும் பொறுப்பு இல்லன்னு ஆயிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கிட்டு பணத்தக் குடுக்க மறுக்கறது நியாயமில்லாத வியாபாரம், பில்லுல கெடு எதுவும் போடலன்னா 30 நாள் கணக்கு. கடைக்காரர்கிட்ட இதைத் தன்மையா சொல்லிப் பாருங்க, கேக்கலன்னா நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் பதிவு பண்ணுங்க, பில்லு இல்லன்னா ஜிபே ஸ்க்ரீன்ஷாட் ஆச்சும் பத்திரமா இருக்கட்டும். அப்பறம் டப்பாவுல ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னு பாருங்க. 14 வயசுக்குக் கீழ உள்ள பசங்க விளையாட்டு சாமானுக்கு 2021 ஜனவரி 1லேருந்து அது கட்டாயம். முத்திரைக்குக் கீழ சிஎம்/எல்னு ஆரம்பிக்கற நம்பரை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா உண்மையான லைசென்ஸா இல்லையான்னு தெரிஞ்சிடும்.

இப்ப பைப்புக்கு வர்றேன். பீச்சாங்குழல் ஊசி போடற சிரிஞ்ச் மாதிரி தான், தடிய இழுத்தா தண்ணி ஏறும், தள்ளினா பீச்சும். 2 இஞ்ச் வேணாம், நானும் என் அக்கா பையனுக்கு அதே மாதிரி போர் பைப்புல செஞ்சு குடுத்தேன், தண்ணி நெறைய புடிச்சுது ஆனா புள்ளையால தள்ளவே முடியல, முக்கி முக்கித் தள்ளினாலும் அஞ்சாறு அடியிலயே விழுந்துச்சு, அவன் மொகம் வாடினது இன்னும் கண்ணுல நிக்குது. கணக்கு இதுதான்: உங்க பையன் 10 கிலோ பலத்துல தள்றான்னு வச்சுக்கோங்க. 2 இஞ்ச் பைப்புக்குள்ள வாய் சுமார் 26 சதுர சென்டிமீட்டர், 10 கிலோவும் அவ்வளவு எடத்துல பரவி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 கிராம் கூட வராது. அதே 1 இஞ்ச் பைப்புல வாய் 6 சதுர சென்டிமீட்டர் தான், அழுத்தம் ஒன்றரை கிலோவுக்கு மேல போயிடும். அழுத்தம் 4 மடங்கு ஏறினா தண்ணி வெளிய வர்ற வேகம் 2 மடங்கு. என்ன, 2 அடி நீளத்துக்கு தண்ணி 350 மில்லி சொச்சம் தான் புடிக்கும், பக்கத்துல ஒரு வாளி வச்சுக்கிட்டா போச்சு.

கடையில 20 அடி லெங்த்தா தலையில கட்டுவாங்க, வெட்டித் தரச் சொல்லுங்க, இல்லன்னா ப்ளம்பர்கிட்ட துண்டு கேளுங்க. 6 கேஜி பைப் போதும், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ அழுத்தம் தாங்கற பைப். வெல கம்மின்னு கரண்ட் வயர் ஓட்டற பைப்பக் குடுத்தா வாங்காதீங்க, அது தண்ணி ப்ரெஷருக்கு செஞ்சது இல்ல. வருஷக்கணக்கா வெயில்ல கெடந்து வெளுத்துப்போன பைப்பும் வேணாம், நொறுங்கும்.

உண்மையில பவர் இருக்கறது வாஷர்ல தான். சைக்கிள் கடையில காத்தடிக்கிற பம்புக்குப் போடற லெதர் வாஷர் கிடைக்கும், கிண்ணம் மாதிரி இருக்கும், அழுத்தினா விரிஞ்சு பைப்ப ஒட்டிக்கும். பைப் துண்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க, உள்ள விட்டுப் பாத்து கொஞ்சம் இறுக்கமா போறதத் தான் வாங்கணும், அளவு சொல்லி வாங்கினா ஏமாந்துடுவோம் ஏன்னா பைப் கனத்துக்குத் தகுந்தபடி உள் அளவு மாறும். 1 இஞ்சுக்கு அமையலன்னா ஒண்ணேகால் இஞ்ச் பைப்புக்குப் போங்க, தப்பில்ல. ஒரு வாஷர் போதாது, ரெண்டு வாங்குங்க. ஒண்ணு கிண்ணம் தண்ணிப் பக்கம் பாக்கணும், அது தள்ளறதுக்கு, இன்னொண்ணு பின்னாடி பாக்கணும், அது உறிஞ்சறதுக்கு. ஒண்ணு மட்டும் போட்டா இழுக்கறப்ப ஓரமா காத்து நுழைஞ்சு தண்ணி ஏறாது. ராத்திரி பூரா தேங்காயெண்ணெயில ஊறவச்சு போடுங்க. லெதர் கிடைக்காம ரப்பர் போட்டா எண்ணெய் கூடாது, உப்பிடும், சோப்புத் தண்ணி தடவுங்க.

தள்ற தடிக்கு அரை இஞ்ச் பைப், முனையில எண்ட் கேப் ஒட்டி நடுவுல போல்ட் நட்டு விட்டு வாஷரை முடுக்கணும். பெரிய பைப்போட பின்பக்கம் மரை வச்ச கேப்பா போட்டு தடிக்கு ஓட்டை போடுங்க, அப்ப தான் நாளைக்குக் கழட்டி வாஷர் மாத்தலாம். முன்பக்கம் நேரா கேப் போடாம ஒரு ரெடியூசர் வச்சு அரை இஞ்சுக்குக் கொறச்சு அப்பறம் கேப் போட்டா தண்ணி செதறாம கோடு மாதிரி போகும். ஓட்டை 3லேருந்து 4 மில்லிமீட்டர், உள்பக்கம் பிசிரை சுத்தமா எடுக்கணும், இதுல சோம்பல் பட்டா மத்ததெல்லாம் செஞ்சும் பிரயோஜனம் இல்ல. பைப் கம் ஒட்டினா ஒரு ராத்திரி காயட்டும். தண்ணிய ரொப்பி ஓட்டைய விரலால அடைச்சுத் தள்ளிப் பாருங்க, தடி உள்ள போச்சுன்னா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, கம்ப்ரஸர், சைக்கிள் பம்பு வச்சு பிவிசிக்குள்ள காத்து ஏத்தறத வீடியோவுல பாத்துட்டு ஆசப்படாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன். தண்ணி அமுங்காது, அதனால பைப் விரிசல் விட்டா ஒழுகும் அவ்வளவு தான். காத்து அமுங்கி நிக்கும், வெடிச்சா பைப் கத்தி மாதிரி சில்லு சில்லா பறக்கும். கடை துப்பாக்கியில காத்து ப்ரெஷர் தானேன்னு கேப்பீங்க. ஆமா, நாசாவுல வேலை பாத்த லானி ஜான்சனுக்கு 1982ல வீட்டு பாத்ரூம்ல ஒரு சோதனை பண்றப்ப தண்ணி பீச்சியடிச்சதுல தான் அந்த யோசனையே வந்துச்சு, 1990ல தான் கடைக்கு வந்துச்சு. அவர் எஞ்சினியர், அத்தனை வருஷம் போச்சு, நாம கொல்லையில ஒரு நாள்ல செய்யற சமாச்சாரம் இல்ல. மொகத்துக்கு நேரா, கிட்டத்துல அடிக்கக் கூடாதுன்னு பையன்கிட்ட சொல்லிக் குடுங்க, கண்ணு போயிடும். ரோட்ல வண்டி ஓட்டிட்டுப் போறவங்க மேலயும் வேணாம்.

கேள்வி: அண்ணா, மன்னார்குடி பக்கம் எங்க ஊர். வயலுக்கு மருந்தடிக்கிற பழைய கை ஸ்பிரேயர் ஒண்ணு சும்மா இருக்கு, நல்லா கழுவி புள்ளைங்களுக்கு தண்ணி அடிச்சு விளையாடக் குடுக்கலாமா?

பதில்: வேணவே வேணாம்மா. டேங்க், ஹோஸ், வாஷர் எல்லாத்துலயும் மருந்து ஊறிப் போயிருக்கும், எத்தன தடவ சோப்பு போட்டுக் கழுவினாலும் முழுசா போயிடுச்சுன்னு சொல்லவே முடியாது, புள்ளைங்க அந்தத் தண்ணிய வாயிலயும் கண்ணுலயும் வாங்கிக்கும். கழுவற தண்ணிய வாய்க்கால்ல விட்டா மாடு குடிக்கும், மீன் சாகும். செடிக்குத் தண்ணி தெளிக்கற 1, 2 லிட்டர் கை ஸ்பிரேயர் புதுசா ஒண்ணு வாங்குங்க, அதுல மருந்தே ஊத்தாம, புள்ளைங்களுக்குன்னு தனியா பேரெழுதி வீட்டுக்குள்ள வச்சிருங்க.