அம்மாளாச்சி துணைக்கு வச்ச தெய்வமோ?

கேள்வி: நான் சைவப் பிள்ளை, கம்பஸ்ல படிக்கிறன். நவராத்திரிக்குக் கும்பம் வைக்கிறம், கேதாரகௌரிக்கு 21 நாள் விரதம் பிடிக்கிறம், ஆனா சிவன் கோயிலுக்குப் போனா மூலஸ்தானத்தில சிவன், அம்பாளுக்குப் பக்கத்தில ஒரு சந்நிதி. மாதவிலக்குத் துடக்கெண்டா வாசலுக்கும் போகேலாது. கடவுளுக்கை பெண் எண்டு உண்மையா இருக்கோ, இல்லாட்டி சும்மா துணைக்கு வச்சிருக்கினமோ?
- வாசகி, கொக்குவில்

பதில்: துணைக்கு வைக்கேல்லைத் தங்கச்சி. சைவ சித்தாந்தத்தில சிவமும் சக்தியும் ரெண்டு பொருள் இல்லை, சூரியனும் அதின்ரை ஒளியும் மாதிரி. சிவன்ரை அருள் எண்டு சொல்லுறதே சக்தியைத்தான், அப்ப எங்களட்டை வந்து சேருற கடவுள் அவாதான். மாணிக்கவாசகர் கூப்பிடேக்கையும் 'அம்மையே' தான் முதல், 'அப்பா' அதுக்குப் பிறகு. சின்னப்பிள்ளை சம்பந்தருக்குப் பால் குடுத்ததும் உமையம்மைதானே. நீங்கள் பிடிக்கிற கேதாரகௌரி விரதமே அம்மை தவமிருந்து சிவன்ரை பாதி உடம்பை வாங்கின கதை, கடைசி நாள் ஐயர் நூல்காப்புக் கட்டிவிடேக்கை அதை நினைச்சுக்கொண்டு கையை நீட்டுங்கோ.

பங்குனித் திங்களில ஒருக்கா மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனட்டைப் போய்ப் பாருங்கோ. வெளி முழுக்க அடுப்பு, பானை, புகை, கண் எரியும், பெண்டுகள் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தியிருந்து பொங்குவினம், பொங்கி வழியேக்கை கையெடுத்துக் கும்பிட்டு அவவோடை நேரா கதைப்பினம், இடையில ஆரும் இல்லை. அங்கை இருக்கிறது கண்ணகை அம்மன். ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டை எதிர்த்தவர், பிறகு கன கண்ணகை கோயிலுகள் ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி எண்டு பேர் மாறிப் போச்சுது. நாவலரிலை எனக்குப் பெரிய மரியாதை, ஆனா இந்த விசயத்தில சனத்தின்ரை பக்திதான் சரி எண்டு நினைக்கிறன். தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலையும் மறக்காதேங்கோ, தங்கம்மா அப்பாக்குட்டி அம்மா தலைவியா இருந்து அந்தக் கோயிலையும் வளர்த்து, ஆதரவில்லாத பெண்பிள்ளையளுக்கு இல்லமும் நடத்தினவ.

துடக்குக் கதைக்கு வாறன். அசாமில காமாக்யா கோயில்ல ஆனி மாசம் அம்பாளுக்கே தீட்டு எண்டு மூண்டு நாள் நடை சாத்தி, நாலாம் நாள் திறக்கேக்கை லட்சக்கணக்கில சனம் கும்பிட நிக்கும். மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி கோயில்ல அந்த நாளிலயும் பெண்கள் உள்ளை போய்ப் பூசை செய்யலாம். எங்கடை ஊர் வழக்கம் வேறை, அதுக்காக வீட்டில சண்டை பிடிக்கச் சொல்லேல்லை. ஆனா அந்த நாளில அம்மாளாச்சி உங்களை விட்டு விலத்தி நிக்கிறா எண்டு ஆர் சொன்னாலும் நம்பாதேங்கோ. அபிராமி அந்தாதி 100 பாட்டும் இருக்கு, படுத்திருந்தபடியே மனசுக்கை சொல்லுங்கோ, ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை.

கேள்வி: நாங்கள் சைவம், அம்மம்மா காலத்திலயிருந்து ஆவணியில மடு மாதா கோயிலுக்குப் போறம். பிழையோ?
- வாசகர், சாவகச்சேரி

பதில்: பிழையே இல்லை, ஆகஸ்ட் 15 திருவிழாவுக்குச் சைவச் சனமும்தான் நேத்தி வச்சுப் போகுது. ஒண்டு மட்டும் விளங்கிக்கொள்ளுங்கோ, கத்தோலிக்கருக்கு மாதா கடவுள் இல்லை, இயேசுவின்ரை தாய், அவவுக்கு வணக்கம், ஆராதனை கடவுளுக்கு மட்டும். அதாலை அங்கை நிண்டு மாதாவும் அம்மனும் ஒண்டுதான் எண்டு வாதாடாதேங்கோ. மெழுகுதிரி கொளுத்துங்கோ, மன்றாடுங்கோ. பூசையில நற்கருணை அப்பம் வாங்கிற வரிசையில மட்டும் போய் நிக்காதேங்கோ, அது அவையளுக்கு உரியது.