கப்ஸ் கேம்ப்புக்கு பையனை அனுப்பலாமான்னு கேட்ட கோத்தகிரி தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்க கேட்டதை நேத்தே படிச்சேன், இப்பதான் உக்காந்து எழுத நேரம் கெடச்சுது. லீவுக்கு குன்னூர் வந்திருக்கேன், அம்மா வீட்ல. மத்தியானத்துல இருந்து மழை, கரண்ட் இல்ல, மேட்டுப்பாளையம் ரோட்ல எங்கயோ மரம் விழுந்திருக்காம். போன்ல 60 சார்ஜ் இருக்கு, அது தீர்றதுக்குள்ள சொல்லிடறேன்.

படிக்கற மத்தவங்களுக்கும் புரியட்டும்னு நீங்க கேட்டதை சுருக்கிக்கறேன். கோத்தகிரில இருந்து கார்டிஃப் வந்து 5 மாசம், பையனுக்கு 8 வயசு, ஸ்கவுட்ல சின்ன பிள்ளைங்களுக்கான கப்ஸ் பிரிவுல சேத்துட்டீங்க. அடுத்த மாசம் வெள்ளிக்கிழமை சாயந்திரம் போயி ஞாயித்துக்கிழமை வர்ற கேம்ப், ரெண்டு ராத்திரி. நானும் கூட வந்து தங்கறேன்னு கேட்டா டிபிஎஸ், அதாவது குற்றப் பின்னணி சோதனை, இல்லாம முடியாதுன்னுட்டாங்க, போனும் குடுத்து விடக்கூடாதாம். எப்படி நடந்துக்கணும்னு ஒரு தாள் குடுத்து பையன்கிட்டயும் உங்ககிட்டயும் கையெழுத்து கேக்கறாங்க. இதுக்கு நடுவுல அவன் இன்னொரு பையனை தள்ளி விட்டுட்டான்னு லீடரம்மா உங்களை கூப்பிட்டு பேச, நீங்க பதட்டத்துல "வீட்டுக்கு போயி நாலு சாத்து சாத்தறேன்"ங்கறதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்ல, அந்தம்மா முகமே மாறிப்போச்சு. வீட்டுக்காரர் அமெரிக்கா ஸ்கவுட்ல பிள்ளைங்களுக்கு நடந்த பாலியல் கொடுமை கேஸ் பத்தி படிச்சுட்டு அனுப்பவே வேணாங்கறார். இவ்ளோதானே?

அனுப்பலாம். ஆனா அதுக்கு முன்னாடி அந்த "நாலு சாத்து" விஷயத்தை முடிச்சுக்கோங்க, அதுதான் அவசரம்.

நம்ம வாயில அது ஒரு பேச்சு. தோலை உரிச்சுடுவேன், காலை ஒடிச்சுடுவேன்னு எங்கம்மா தினம் சொல்லும், ஒரு தடவை கூட ஒடிச்சதில்ல. இங்கிலீஷ்ல போட்டா அது பேச்சு இல்ல, வாக்குமூலம். அதுலயும் நீங்க இருக்கறது வேல்ஸ். அங்க 2022 மார்ச் 21ல இருந்து பெத்தவங்களே பிள்ளைய அடிச்சாலும் சட்டப்படி தப்பு, ஸ்காட்லாந்துல 2020 நவம்பர்லயே வந்துடுச்சு, நான் இருக்கற இங்கிலாந்துல இன்னும் அந்தளவுக்கு வரல. அந்தம்மா காதுல அது விழுந்தா எழுதி வெச்சு அவங்க மேல இருக்கறவங்ககிட்ட சொல்லியாகணும், அது அவங்க கடமை, உங்க மேல கோபம் இல்ல. அதனால அவங்களா கூப்பிடற வரைக்கும் காத்திருக்காம அடுத்த வாரம் கொண்டு போயி விடும்போது நீங்களே போயி பேசுங்க. எங்க ஊர்ல கோபத்துல சொல்ற வார்த்தை அது, நான் அவனை அடிக்கறதில்லைன்னு சொல்லுங்க. அடிக்கற பழக்கம் நெஜமாவே இருந்தா அதை நிறுத்திட்டு, நிறுத்தினப்பறம் சொல்லுங்க. பொய் சொல்ல நான் சொல்லித் தரல.

சரி, டிபிஎஸ். இதுல எனக்கே ஒரு சூடு பட்ட கதை இருக்கு.

நான் போயி மூணாவது வருஷம்னு நெனைக்கறேன், பொண்ணு கப்ஸ்ல இருந்தா, நான் சும்மா உதவிக்கு போயி ஜூஸ் ஊத்திக் குடுத்துட்டு இருப்பேன். அக்டோபர் மாசம், ராத்திரி 7.45க்கு முடிஞ்சு எல்லாரும் கெளம்பியாச்சு, ஒரே ஒரு பையனுக்கு மட்டும் அம்மா வரல. நர்ஸ் அவங்க, ஷிப்ட் இழுத்துடுச்சுன்னு மெசேஜ். பொண்ணை அன்னிக்கு அவங்கப்பா கூட்டிட்டு போயிட்டாரு, நான் மட்டும்தான், அந்தப் பையன் வீடு எங்க தெருவுக்கு அடுத்த தெரு, "நான் விட்டுட்டு போறேன்"னு கார் சாவிய கையில எடுத்துட்டேன். லீடர் சிரிச்சுக்கிட்டே "வேணாம், மூணு பேரும் சேந்தே நிப்போம்"னாரு. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. என்னைப் பாத்தா பிள்ளை பிடிக்கறவ மாதிரியா இருக்கு, கலர் பாத்து சொல்றாரான்னு உள்ளுக்குள்ள கொதிக்குது. தூறல்ல 25 நிமிஷம் நின்னோம். பையன் டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு ரீஃப் நாட் போட்டு போட்டு எங்கிட்ட காட்டறான், வலது மேல இடது, இடது மேல வலது. அவங்கம்மா வந்து கூட்டிட்டு போனப்பறம் அந்த மனுஷன் பர்ஸ்ல இருந்து மஞ்சள் கலர்ல ஒரு மடிச்ச கார்டை எடுத்தாரு, ஓரமெல்லாம் நைஞ்சு போயி கெடக்கு. "நீங்க வேணாம்னா நான் மட்டும் அவன் கூட நிக்கலாம்னு நெனைக்காதீங்க, எனக்கும் அது கூடாது, அதனாலதான் உங்களையும் நிக்க வெச்சேன்"னாரு. 20 வருஷமா அங்க லீடரா இருக்கறவரு.

அதுதான் எல்லோ கார்டு, பிள்ளைங்க பாதுகாப்பு விதிங்க போட்ட கார்டு, அங்க இருக்கற ஒவ்வொரு பெரியவங்களுக்கும் பொது. எந்தப் பிள்ளை கூடவும் யாரும் தனியா மாட்டிக்காம, இன்னொரு ஆள் பாக்கற மாதிரி கேக்கற மாதிரி எல்லாத்தையும் அமைச்சுக்கணும். பிள்ளைங்க தூங்கற டெண்ட்ல பெரியவங்க தூங்கக்கூடாது. பிள்ளைக்கு தனியா மெசேஜ் அனுப்பக்கூடாது. எனக்கு ரொம்ப பிடிச்சது ஒண்ணு இருக்கு, ஒரு பிள்ளை வந்து "யாருகிட்டயும் சொல்லக்கூடாது"ன்னு ஏதாவது சொன்னா, சரி சொல்லமாட்டேன்னு வாக்கு குடுக்கக் கூடாது. அதை எழுதி வெச்சு மேல சொல்லித்தான் ஆகணும், அது யாரைப் பத்தியோ அந்த ஆள் எவ்ளோ நல்ல பேரு உள்ளவரா இருந்தாலும்.

நம்மூர்ல பத்திரம்ங்கறதை நாம ஆளை வெச்சு பாக்கறோம். அவரு நல்ல குடும்பம், அவரு நம்ம ஹட்டி, அதாவது நம்ம ஊரு, அவரு வாத்தியாரு. அங்க ஆளைப் பாக்கறதில்ல, ஏற்பாட்டைப் பாக்கறாங்க. நல்லவரா கெட்டவரான்னு யாருக்கும் முகத்துல எழுதி ஒட்டலைங்கறதுதான் கணக்கு. உங்களை தங்க விடாததும் அதே கணக்குதான். ராத்திரி தங்கற எந்த பெரியவங்களுக்கும், பெத்த தாயா இருந்தாலும், டிபிஎஸ் வேணும், ஏன்னா உங்க பையனுக்கு மட்டும்தான் நீங்க அம்மா, கூட இருக்கற மத்த 20 பிள்ளைக்கு நீங்க யாரோ. கேம்ப்புக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குல்ல, உதவிக்கு வர்றேன்னு சொல்லி டிபிஎஸ் போட சொல்லுங்க, தன்னார்வலர்களுக்கு அதுக்கு கட்டணம் கெடையாது. ஆனா வந்ததும் உங்க பையன் பக்கத்துலயே உக்காந்துக்க முடியாது, பாத்திரம் கழுவ விடுவாங்க.

கேம்ப் எப்படின்னா, கூட்டிட்டு போற லீடருக்கு நைட்ஸ் அவே பெர்மிட்னு தனியா ஒண்ணு இருக்கணும், ராத்திரி தங்க வைக்க தகுதியான ஆளான்னு பாத்துத்தான் அதை குடுப்பாங்க. கப்ஸ் வெளிய போனா 8 பிள்ளைக்கு ஒரு பெரியவங்க, அதுக்கு மேல பொறுப்பு லீடர் ஒருத்தர். பசங்க பொண்ணுங்க சேந்துதான் இருப்பாங்க, 2007ல இருந்து எல்லா குரூப்பும் கலப்புதான், தூங்கறது பெரும்பாலும் தனித்தனி டெண்ட்ல. ஏதாவதுன்னா வீட்டுக்கு எப்படி தகவல் வரும், யாரு நம்பர்னு உங்களுக்கு எழுதி குடுக்கணும், குடுக்கலைன்னா கேளுங்க. கூச்சப்படாதீங்க. யாரு பொறுப்பு, டாய்லெட்டுக்கு ராத்திரி யாரு கூட போவாங்க, பிள்ளை அழுதா எத்தனை மணிக்கு கூப்பிடுவீங்க, இப்படி கேக்கற அம்மாவை அங்க யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. கேட்டா மூஞ்சிய சுளிக்கற குரூப்பா இருந்தா அங்க அனுப்பாதீங்க, அவ்ளோதான்.

போன் வேணாங்கறது இதே கதைதான். டெண்ட்ல உடுப்பு மாத்தும்போது எவன் கையிலயும் கேமரா இருக்கக்கூடாது. அதோட ராத்திரி 10 மணிக்கு அவன் உங்களை கூப்பிட்டு அழுது, நீங்க அழுது, இங்க கோத்தகிரில உங்கம்மா அழுது... தேவையா?

மருந்து இருந்தா பேரு எழுதி லீடர் கையிலயே குடுங்க, பைக்குள்ள போடாதீங்க. தீனியும் அப்படித்தான். நான் ஒரு தடவை பெருமையா ஊட்டி ஹோம்மேட் சாக்லேட் ஒரு டப்பா குடுத்து விட்டேன், பாதாம் முந்திரி போட்டது, எல்லாருக்கும் குடுன்னு. அந்த குரூப்ல ஒரு குழந்தைக்கு நட்ஸ் வாசனையே ஆகாதாம். டப்பா ரெண்டு நாளும் லீடர் கார் டிக்கில பூட்டி கெடந்துட்டு அப்படியே திரும்பி வந்துச்சு. ஃபார்ம்ல போட்டிருந்தாங்க, நான்தான் படிக்கல.

இப்ப அந்த கையெழுத்து தாள். அதுல என்ன இருக்கும்னு எனக்கு தெரியும், அடிக்கக்கூடாது, கேலி பண்ணக்கூடாது, லீடர் கை தூக்கினா அமைதியா இருக்கணும், சொல்லாம எங்கயும் போகக்கூடாது. எங்க குரூப்ல பிள்ளைங்களையே உக்கார வெச்சு எழுத வெச்சாங்க, ஒருத்தன் "அடுத்தவன் சாசேஜை திங்கக்கூடாது"ன்னு எழுதி அதுவும் பட்டியல்ல ஏறிடுச்சு. மீறினா முதல்ல சொல்லுவாங்க, அப்பறம் கொஞ்ச நேரம் விளையாட்டுல இருந்து ஓரமா உக்கார வெப்பாங்க, அப்பவும் கேக்கலைன்னா வீட்டுக்கு போன். உங்க பையனுக்கு நடந்தது இந்த மூணாவது படி, போலீஸும் இல்ல ஒண்ணும் இல்ல. இவன் யாரை தள்ளி விட்டானோ அந்தப் பையன்கிட்ட போயி மன்னிப்பு கேக்க சொல்லுங்க, அதுல முடிஞ்சிடும். புது ஊரு, பாஷை பாதிதான் வருது, வாயில வராதது கையில வந்திருக்கும், அதையும் லீடர்கிட்ட சொல்லுங்க, அவங்க ஒரு பெரிய பிள்ளைய துணைக்கு போடுவாங்க.

ஆனா கையெழுத்து போட வெச்சுட்டு அவன்கிட்ட "பெரியவங்க என்ன சொன்னாலும் கேக்கணும்"னு சொல்லி அனுப்பாதீங்க. நாம எல்லாம் அந்த ஒரு வரிய வெச்சுத்தான் வளந்தோம், எனக்கு தெரியும். விதிய கேக்கணும், ஆளை இல்ல. யாராவது, லீடரே ஆனாலும், இது நமக்குள்ள இருக்கட்டும், அம்மாகிட்ட சொல்லாதேன்னா அந்த நிமிஷமே இன்னொரு பெரியவங்ககிட்ட போகணும், வந்து எங்கிட்ட சொல்லணும், நான் திட்டமாட்டேன்னு சொல்லி அனுப்புங்க. கடைசி வார்த்தைதான் முக்கியம். திட்டுவாங்கன்னு பயந்த பிள்ளை சொல்லாது.

நான் ஏன் இதுல இவ்ளோ அழுத்தறேன்னா, இங்க நான் ஆறாவது படிக்கும்போது எங்க கூட ஒரு பையன் ஸ்கவுட் கேம்ப்புக்கு போகமாட்டேன்னு பஸ் ஸ்டாண்டுல உருண்டு அழுதான். காக்கி டவுசர், ஸ்கார்ப் எல்லாம் போட்டு, மூக்கு ஒழுகிட்டு. பயந்தாங்கொள்ளின்னு அவங்கப்பாவே பிடறில ஒண்ணு வெச்சு பஸ்ல ஏத்தி விட்டாரு, நாங்க எல்லாம் சிரிச்சோம். குளிருக்கு பயந்தானா, அம்மாவை விட்டு போக பயந்தானா, வேற எதுக்காவதான்னு யாரும் அவனை கேக்கல. நானும் கேக்கல. இன்னிக்கு அண்ணன் பையன் குருளையர்ல, அதான் நம்மூர் கப்ஸ்ல, இருக்கான், அவன் ஸ்கூல் சுவத்துல குழந்தைங்க உதவி எண் 1098னு பெருசா பெயிண்ட் அடிச்சிருக்கு, பிள்ளைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கு எதிரான போக்சோ சட்டம் 2012ல வந்துச்சு, நம்மூரும் மாறிட்டுத்தான் இருக்கு.

வீட்டுக்காரர் படிச்சது நெஜம்தான். அமெரிக்கா ஸ்கவுட் அமைப்பு 2020 பிப்ரவரில திவால் மனு போட்டுச்சு, 82,000 பேருக்கு மேல சின்ன வயசுல எங்களுக்கு நடந்ததுன்னு முன்னால வந்தாங்க, நிறைய பேரு வயசானவங்க, பல பத்து வருஷம் வாய திறக்காதவங்க. அது வேற அமைப்பு, நாடு வேற, ஆனா அதனால நமக்கென்னன்னு நான் சொல்லமாட்டேன். அவரை அதை இன்னொரு தடவை படிச்சு பாக்க சொல்லுங்க, நல்ல பேரு எடுத்த பெரியவங்க, தனியா ஒரு பிள்ளை, கேக்க ஆள் இல்ல, இதுதான் திரும்பத் திரும்ப வரும். உங்களை எரிச்சல் படுத்தற ஒவ்வொரு விதியும் அந்த ஓட்டைய அடைக்கறதுக்குத்தான். அடைச்சாலும் நூத்துக்கு நூறு யாராலயும் சொல்ல முடியாது, அதனாலதான் பிள்ளைய பேச பழக்குங்கன்னு சொன்னேன்.

ஏதாவது மனசுல உறுத்தினா லீடர்கிட்ட, அவரு மேலயே உறுத்தல்னா அவருக்கு மேல, அதுவும் வேணாம்னா குழந்தைங்க பாதுகாப்பு அமைப்பான என்எஸ்பிசிசி 0808 800 5000, பிள்ளை தானே பேசணும்னா சைல்ட்லைன் 0800 1111, அவசரம்னா 999. புகார் குடுத்தா விசாவுக்கு ஆபத்துன்னு யாரோ சொன்னதா போட்டிருந்தீங்க, அது சும்மா வெட்டிப் பேச்சு.

உறுதிமொழில ராஜா பேரு வருதேன்னு கேட்டிருந்தீங்க, குடிமக்களா இல்லாதவங்க "இப்ப வாழற நாட்டுக்கு"ன்னு சொல்லிக்கலாம், சாமிக்கு பதிலா தர்மம்னு சொல்லவும் வழி இருக்கு, லீடரை கேட்டா தாள் குடுப்பாரு.

குளிருக்கு மட்டும் கவலைப்படாதீங்க. ஜனவரி உறைபனில கோத்தகிரில ஸ்கூலுக்கு போன பிள்ளை, இங்கிலீஷ்கார பிள்ளைங்களே இவனைப் பாத்து ஆச்சரியப்படும். ஈரத்துக்குத்தான் பாத்துக்கணும், சாக்ஸ் ஆறு ஜோடி வெச்சு எல்லாத்துலயும் பேரு எழுதிடுங்க, திரும்பி வரும்போது நாலுதான் வரும்.

சார்ஜ் 11 ஆயிடுச்சு. நான் 18ம் தேதி கெளம்பறேன், பேக்கரில வர்க்கி சொல்லி வெச்சிருக்கேன், உங்களுக்கும் ஒரு பாக்கெட் கார்டிஃப்புக்கு பார்சல் போடறேன். கேம்ப் பையில மட்டும் வெச்சு விட்டுடாதீங்க.