காலை வெயில் மட்டும் படும் சுவரோரத்திற்கு எந்தப் பூச்செடி?

காலையில் மூன்று மணி நேரம் மட்டுமே வெயில் படும் சுவரோரத்தில் வைத்த செம்பருத்தி பூக்கவில்லை, அங்கே வேறு எந்தப் பூச்செடியை நடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சுவரோரத்தில், ஆண்டுக்கணக்கில் நின்று பூக்க வேண்டுமென்றால் கனகாம்பரத்தையே முதலில் நடுங்கள். பிகோனியாவும் அங்கே நன்றாக வரும்.

உங்கள் செம்பருத்தி இலையாகவே தழைத்து மொட்டு விடாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் வெளிச்சக் குறைவே காரணம். தழைச்சத்து மிகுந்த உரம் இட்டிருந்தால் மொட்டு விடாத குறை இன்னும் கூடும்.

மூன்று மணி நேரம் என்பது கணிப்புதான் என்றால், செம்பருத்தியைப் பிடுங்குவதற்கு முன் ஒரு நாள் முழுவதும் மணிக்கொரு முறை அங்கே நேரடி வெயில் விழுகிறதா என்று குறித்துப் பாருங்கள். பருவம் மாறும்போது சுவரின் நிழலும் நகரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நிழலில் மண் மெதுவாகவே காயும் என்பதால், விரலைச் செருகிப் பார்த்து மேல்மண் உலர்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள்; பிகோனியாவின் வேர் எளிதில் அழுகிவிடும்.